மாடல் லோட் ஆனது, ஓடியது வேறொரு கிளாஸ்

போன சித்திரையில் 18 நாள் நான் நிம்மதியாகத் தூங்கவில்லை. பயிற்சி கொடுத்து முடித்த ஒரு நியூரல் நெட்வொர்க்கை ஃபைலாகச் சேமித்து, இன்னொரு கணினியில் திறந்து ஓடவிடுவது மட்டும்தான் மிச்சமிருந்த வேலை. அதில் வந்த பெயர்க் குழப்பம் என்னை 46,700 ரூபாய்க்கு இழுத்துவிட்டது. இதை முன்னாடியே யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முதல் நாளிலேயே பிடித்திருப்பேன். அதனால்தான் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதி வைக்கிறேன்.

நான் மதுரை வில்லாபுரத்தில் வீட்டிலிருந்தபடியே தனியாக மென்பொருள் வேலை எடுத்துச் செய்கிறேன். ஜெய்ஹிந்த்புரம் பக்கம் அப்பளம் போடும் சிறிய கம்பெனி ஒன்றிலிருந்து ஒரு வேலை வந்தது. காய்ந்த அப்பளம் பெல்ட்டில் வரும். மேலே ஒரு கேமரா. விரிசல், ஓட்டை, கறை இருக்கிற அப்பளத்தைக் கண்டுபிடித்தால் காற்றுக் குழாய் ஊதி அதைப் பக்கத்துக் கூடையில் தள்ள வேண்டும். பேசிய தொகை 90,000 ரூபாய், முன்பணம் 40,000. அழகர் ஆற்றில் இறங்குவதற்கு ஒரு வாரம் முன்பே ஓடத் தொடங்கிவிட வேண்டும் என்று முதலாளி அண்ணன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். திருவிழா சமயத்தில் பாதிப் பேர் வேலைக்கு வரமாட்டார்கள், அப்போதுதான் இந்த இயந்திரம் கைகொடுக்கும் என்பது அவர் கணக்கு. நியாயமான கணக்குதான்.

மாசி மாதமே ஒரு மாதிரி செய்து காட்டியிருந்தேன். அந்தப் பழைய நிரல் கம்பெனியில் வைத்த சின்னக் கணினியிலேயே ஒரு ஃபோல்டரில் கிடந்தது. இந்த விவரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

உண்மையான பயிற்சியை, ஜிபியூ என்னும் வேகக் கணக்குச் சில்லு உள்ள வாடகை இயந்திரத்தில், ஒரு நோட்புக்கில் (நிரலைத் துண்டு துண்டாக எழுதி ஓட்டும் பக்கம்) எழுதி ஓட்டினேன். நெட்வொர்க்குக்கு அப்பளநெட் என்று ஒரு கிளாஸ், அதாவது நெட்வொர்க் எப்படி அமைந்து எப்படி ஓட வேண்டும் என்று எழுதிய நிரல் துண்டு. முடிந்ததும் பைடார்ச் என்ற நியூரல் நெட்வொர்க் கருவியின் சேவ் கட்டளையில் மாடலை முழுசாக அப்படியே கொடுத்துச் சேமித்தேன். ஒரே வரி. பல பாடங்களில் அப்படித்தான் காட்டுகிறார்கள். கம்பெனிக் கணினியில் லோட் செய்தால் முதல் அடி: 'வெயிட்ஸ் ஒன்லி லோட் ஃபெயில்டு'. வாடகை இயந்திரத்தில் இருந்தது பைடார்ச் 2.5 வெர்ஷன், இங்கே நான் புதிதாக நிறுவியது 2.6. 2025 ஜனவரியில் வந்த இந்த 2.6 முதல், லோட் கட்டளை எடைகளை, அதாவது பயிற்சியில் நெட்வொர்க் கற்ற எண்களை, மட்டும்தான் தானாகத் திறக்கும். நாமே எழுதிய கிளாஸ் ஃபைலுக்குள் இருந்தால் மறுத்துவிடும். பழைய வெர்ஷன் இதைப் பற்றி ஒவ்வொரு முறையும் எச்சரிக்கை காட்டிக்கொண்டுதான் இருந்தது. நான் அதைப் படிக்காமல் கடந்திருந்தேன். 'வெயிட்ஸ் ஒன்லி' என்பதை ஃபால்ஸ் என்று மாற்றினால் திறக்கும், மாற்றினேன். ஆனால் ஒன்று: அந்தப் பூட்டு சும்மா போட்டதில்லை. இந்த ஃபைலைத் திறப்பது என்றால் அதற்குள் இருக்கிற கட்டளைகளை ஓடவிடுவது என்றுதான் அர்த்தம். நம் கையால் சேமித்த ஃபைலுக்கு மட்டும் ஃபால்ஸ் போடுங்கள். வேறெங்கிருந்தோ இறக்கிய ஃபைலுக்கு ஒருபோதும் வேண்டாம்.

பூட்டைத் திறந்ததும் அடுத்த அடி. '__மெயின்__' என்ற மாட்யூலில் (பைதான் பெயர் சொல்லி எடுக்கும் நிரல் ஃபைல்தான் மாட்யூல்) அப்பளநெட் என்று எதுவும் இல்லை என்றது. அப்போதுதான் முதல் முறையாக, சேமித்த ஃபைலுக்குள் என்னதான் இருக்கிறது என்று உட்கார்ந்து படித்தேன். பைடார்ச் இதற்குப் பைதான் மொழியின் பிக்கிள் என்ற சேமிப்பு முறையைப் பயன்படுத்துகிறது. பிக்கிள் நம் கிளாஸின் நிரலைச் சேமிப்பதில்லை. 'இந்த மாட்யூலில் இந்தப் பெயருள்ள கிளாஸ்' என்று முகவரியை மட்டும் எழுதி வைக்கிறது, கூடவே எடைகளை. திறக்கும்போது அந்த முகவரிக்குப் போய் அங்கே யார் இருக்கிறார்களோ அவர்களைக் கூட்டி வருகிறது. மதுரைக்காரர்களுக்கு இப்படிச் சொன்னால் புரியும்: ஆட்டோவில் ஏறி 'மாசி வீதி, மூணாவது வீடு' என்றால் கீழ மாசியா, மேல மாசியா, வடக்கா, தெற்கா? நாலு மாசி வீதியிலும் மூன்றாவது வீடு இருக்கிறது. ஓட்டுநர் பக்கத்தில் எது வருகிறதோ அங்கே இறக்கிவிடுவார். பைதானும் அப்படித்தான், தேடல் பாதையில், அதாவது அது தேடிப் போகும் ஃபோல்டர்களின் வரிசையில், முதலில் எது வருகிறதோ அதை எடுத்துக்கொள்ளும். நோட்புக்கில் எழுதிய கிளாஸுக்கு முகவரி '__மெயின்__', அதாவது 'இப்போது ஓடிக்கொண்டிருக்கும் நிரல்'. இன்னொரு கணினியில் வேறொரு நிரல் ஓடும்போது அந்த முகவரியில் வேறு ஆள் குடியிருப்பார்.

சரி, கிளாஸைத் தனி ஃபைலுக்கு மாற்றுவோம் என்று மாடல்ஸ் என்ற ஃபோல்டர், அதற்குள் கிளாசிஃபையர் என்ற ஃபைல், அதில் கிளாஸ் என்று வைத்தேன். கூடுதல் படங்களும் வந்திருந்ததால் பயிற்சியை மறுபடி ஓட்டிச் சேமித்தேன். இப்போது முகவரி 'மாடல்ஸ்.கிளாசிஃபையர்'. தவறு இங்கேதான் விழுந்தது. மாடல்ஸ், யூட்டில்ஸ், நெட், காமன், இந்தப் பெயர்களை உலகத்தில் பாதிப் பேர் வைத்திருக்கிறார்கள்.

பெல்ட்டில் அப்பளம் எங்கே கிடக்கிறது என்று வட்டம் போட்டுக் காட்ட, திறந்த மூல நிரல் ஒன்றை எடுத்திருந்தேன். அதற்கும் மாடல்ஸ் என்று ஒரு ஃபோல்டர். அதன் மாடல் ஃபைலும் கிளாஸ் முகவரிகளைச் சுமக்கிற ஃபைல்தான். இரண்டையும் ஒரே நிரலில் லோட் செய்தேன். அதை முதலில் திறந்தால் என் மாடல் திறக்கவில்லை. என்னுடையதை முதலில் திறந்தால் அது திறக்கவில்லை. இரண்டு நாள் இந்த முன்பின் விளையாட்டிலேயே போயிற்று. காரணம் இதுதான்: பைதான் ஒரு மாட்யூலை ஒருமுறை எடுத்துவிட்டால் அதை 'சிஸ்.மாட்யூல்ஸ்' என்ற அட்டவணையில் பெயரோடு எழுதி வைத்துக்கொள்ளும். அடுத்த முறை மாடல்ஸ் என்று கேட்டால் வட்டில் (டிஸ்க்கில்) தேடவே தேடாது, அட்டவணையில் உள்ளதையே நீட்டும். அதற்குப் பிறகு தேடல் பாதையை நாம் என்ன மாற்றினாலும் ஒன்றும் நடக்காது. 'மாட்யூல் நாட் ஃபவுண்ட்' என்று வந்து, ஃபைலோ கண்முன்னே கிடந்தால், உடனே அந்த மாட்யூலின் '__ஃபைல்__' மதிப்பை அச்சிட்டுப் பாருங்கள். எந்த வீட்டுக்குள் போயிருக்கிறது என்று அது நேராகச் சொல்லிவிடும். நான் இதைச் செய்யாமல் இரண்டு நாளும் ஃபோல்டரை அங்கிட்டும் இங்கிட்டும் மாற்றிக்கொண்டிருந்தேன்.

இதற்குள்ளேயே இன்னொரு கண்ணி. என் ஃபோல்டரைப் பாதையில் முதலில் வைத்தும் அந்த நிரலின் மாடல்ஸைத்தான் பைதான் எடுத்தது. என் ஃபோல்டரில் '__இனிட்__.பை' என்ற ஃபைல் இல்லை, அதில் இருந்தது. அந்த ஃபைல் இல்லாத ஃபோல்டரைப் பைதான் முழுத் தொகுப்பாக மதிப்பதில்லை. பாதையில் பின்னால் முழுத் தொகுப்பு ஒன்று கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்கிறது. இதைத் தெரிந்துகொண்டதும் கோபத்தில் கண்ணில் பட்ட எல்லா ஃபோல்டரிலும் ஒரு வெற்று இனிட் ஃபைலைப் போட்டேன். மாசியில் செய்த பழைய ஃபோல்டரிலும் போட்டேன். கடைசியில் வட்டம் போடும் நிரலைத் தனிச் செயல்முறையாகப் பிரித்தேன், அதன் அட்டவணை வேறு, என் அட்டவணை வேறு. அது நல்ல முடிவு, இன்றும் அப்படித்தான் ஓடுகிறது. ஆனால் என் பக்கத்து நிரலைப் பழைய ஃபோல்டருக்குள் இருந்தே தொடங்கினேன். கேமரா, காற்றுக் குழாய் இணைப்பெல்லாம் அங்கே ஏற்கெனவே எழுதி இருந்ததே காரணம். புதிய ஃபோல்டரைத் தேடல் பாதையின் கடைசியில் சேர்த்தேன். மாடல் திறந்தது. ஒரு பிழையும் இல்லை. அன்று ராத்திரி அம்மாவிடம் வேலை முடிந்துவிட்டது என்று சொன்னேன்.

மறுநாள் மத்தியானம் முதலாளி அண்ணன் போன் செய்தார். "ஏம்மா, உங்க கேமரா நல்ல அப்பளத்தையெல்லாம் கூடையில தள்ளுதே. வந்து என்னான்னு பாருங்க." போனேன். பேக்கிங்கைப் பார்த்துக்கொள்ளும் அக்கா கூடையிலிருந்து ஒரு கை அள்ளி என் முன்னால் விரித்தார். "பாப்பா, இதுல எங்க கறை இருக்கு? நீயே சொல்லு." இல்லை. பத்தில் மூன்று நல்ல அப்பளம் கறை என்று தள்ளப்பட்டிருந்தது. ஆனால் விரிசலையும் ஓட்டையையும் சரியாகப் பிடித்தது. அதுதான் என்னைத் திசை திருப்பிவிட்டது. மாடல் முழுசாகக் கெட்டிருந்தால் அன்றைக்கே சந்தேகப்பட்டிருப்பேன். வடிவத்தில் சரி, நிறத்தில் மட்டும் தப்பு என்றதும் வெளிச்சம்தான் பிரச்சினை என்று முடிவு கட்டினேன். மேற்கு ஜன்னலில் வெயில் விழுகிறது என்று மறைப்புக் கட்டச் சொன்னேன். 2,800 ரூபாய்க்குப் புது எல்இடி விளக்கு வாங்கி மாட்டினேன். சரியாகவில்லை. படங்கள் போதவில்லை என்று நினைத்து, இரண்டு நாள் பெல்ட் அருகே நின்று புதிதாகப் படமெடுத்து, மறுபடி ஜிபியூ வாடகை எடுத்து மூன்று முறை பயிற்சி ஓட்டினேன். அதில் 11,400 ரூபாய். வாடகை இயந்திரத்தில் பரிசோதித்தால் அருமையாக வரும், கம்பெனிக்குக் கொண்டுவந்தால் பழையபடி கறை. இந்த நாட்களில் வேறொரு வேலையை எடுக்க முடியாமல் விட்டேன், அது 25,000. அந்த வாரம் எனக்கு என் தொழிலிலேயே நம்பிக்கை போய்விட்டது. ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் உள்ளே போகாமலே நின்றிருக்கிறேன், அந்த அக்காவின் முகத்தைப் பார்க்க முடியாமல்.

அழுது முடித்த ஒரு ராத்திரிதான் செய்ய வேண்டியதைச் செய்தேன். ஒரே ஒரு அப்பளப் படம். அதை வாடகை இயந்திரத்திலும் கொடுத்தேன், கம்பெனிக் கணினியிலும் கொடுத்தேன். அங்கே விடை 'நல்லது', நம்பிக்கை அளவு 0.97. இங்கே 'கறை' 0.81. மாடல் ஃபைலின் எஸ்எச்ஏ-256 கைரேகையை (ஃபைலில் சின்ன மாற்றம் இருந்தாலும் மாறிவிடும் எழுத்து வரிசை) இரண்டு பக்கமும் எடுத்தேன், ஒரு எழுத்து மாறாமல் ஒன்றே. படமும் ஒன்றே. அப்படியானால் வெளிச்சமும் இல்லை, எடைகளும் இல்லை. நிரல்தான் வேறு. இந்தச் சோதனைக்கு பத்து நிமிடம் ஆனது. முதல் மத்தியானமே செய்திருக்க வேண்டிய சோதனை.

அதன்பிறகு எல்லாம் வேகமாக அவிழ்ந்தது. பைடார்ச் 1.6 முதல் இந்த மாடல் ஃபைல் என்பது உள்ளே பார்த்தால் ஒரு ஜிப் ஃபைல்தான். அன்ஜிப் செய்தால் 'டேட்டா.பிகேஎல்' என்று ஒன்று கிடைக்கும். அதைப் பைதானோடு வரும் பிக்கிள்டூல்ஸ் கருவியில் கொடுத்தால், எதையும் ஓடவிடாமல், உள்ளே இருக்கிற முகவரிகளையெல்லாம் 'குளோபல்' என்ற வரிகளாகக் காட்டும். என் ஃபைலில் 'மாடல்ஸ்.கிளாசிஃபையர் அப்பளநெட்' என்று இருந்தது. அடுத்து, ஓடுகிற நிரலில் அந்த மாட்யூலின் '__ஃபைல்__' மதிப்பை அச்சிட்டேன். மாசி மாதத்துப் பழைய ஃபோல்டர் வந்து நின்றது. தொடங்கும் நிரல் ஃபைல் எந்த ஃபோல்டரில் இருக்கிறதோ அதுவே தேடல் பாதையில் முதலிடம். நான் புதியதைக் கடைசியில் சேர்த்திருந்தேன். பழையதில் இனிட் ஃபைலையும் நானே போட்டுக் கொடுத்திருந்தேன். அதே ஃபோல்டர் பெயர், அதே ஃபைல் பெயர், அதே கிளாஸ் பெயர்.

இரண்டு கிளாஸுக்கும் ஒரே ஒரு வித்தியாசம். ஓப்பன்சிவி என்ற படம் கையாளும் கருவி படத்தை நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசையில் படிக்கும். மாடலுக்கு வேண்டியது சிவப்பு, பச்சை, நீலம். பழைய கிளாஸில் அந்த மாற்றத்தை ஃபார்வர்டு செயல்பாட்டுக்குள்ளேயே, அதாவது உள்ளே வரும் படத்தை என்ன செய்வது என்று சொல்லும் பகுதிக்குள்ளேயே, எழுதியிருந்தேன். புதியதில் அதை வெளியே எடுத்து, படம் படிக்கும் இடத்திலேயே வைத்துவிட்டேன். ஆக, கம்பெனியில் நிறம் இரண்டு முறை திருப்பப்பட்டது. இளமஞ்சள் அப்பளம் மாடலின் கண்ணுக்கு நீலம் பூத்துத் தெரிந்திருக்கிறது. கறை என்று சொல்லாமல் வேறு என்ன சொல்லும்? விரிசலுக்கு நிறம் தேவையில்லை, அதனால் அது மட்டும் தப்பித்தது.

ஏன் பிழை வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், இதுதான் எனக்கு மிகவும் பயம் தந்த பகுதி. பிக்கிளிலிருந்து மாடலைத் திறக்கும்போது கிளாஸின் தொடக்கச் செயல்பாடு ஓடுவதே இல்லை. காலியாக ஒரு பொருளைச் செய்து, சேமித்த அடுக்குகளையும் (நெட்வொர்க்கின் கணக்குப் படிகள்) எடைகளையும் அதற்குள் அப்படியே நிரப்பிவிடுகிறது. ஆகவே அடுக்குகள் புதியவை, எடைகள் புதியவை. ஆனால் அவற்றை எந்த வரிசையில் எப்படி ஓட்டுவது என்கிற ஃபார்வர்டு மட்டும் வட்டில் கிடைத்த பழைய கிளாஸுடையது. அடுக்குகளின் பெயர் ஒத்துப்போனால் போதும், ஒரு முனகலும் இல்லாமல் ஓடும். பெயர் கிடைக்காமல் நிரல் நின்றுபோவது நல்லது, நமக்குத் தெரிகிறது. தப்பான பெயர் கிடைத்து ஓடிக்கொண்டே இருப்பதுதான் பணத்தைத் தின்கிறது.

சரிசெய்த விதம் இது. பழைய நிரல் எதுவும் இல்லாத சுத்தமான இடத்தில், பயிற்சி நடந்த அதே கிளாஸை வைத்து மாடலைத் திறந்தேன். 20 அப்பளப் படங்களைக் கொடுத்து, வந்த விடைகளைத் தனி ஃபைலாக எடுத்துக்கொண்டேன். பிறகு முழு மாடலுக்குப் பதிலாக ஸ்டேட் டிக்ட் என்னும் எடைத் தொகுதியை மட்டும் சேமித்தேன். அதில் அடுக்குப் பெயர்களும் எண்களும்தான் இருக்கும், நம் கிளாஸின் முகவரி இருக்காது. 2.6-இன் பூட்டைத் திறக்காமலே லோட் ஆகும். கம்பெனியில் பழைய ஃபோல்டரை அழித்துவிட்டு, 'அப்பளம்_தரம்' என்று வேறு யாரும் வைக்காத பெயரில் தொகுப்பு அமைத்து, கிளாஸை நானே நேரடியாக இம்போர்ட் செய்து உருவாக்கி, அதற்குள் எடைகளை ஏற்றினேன். ஏற்றிய பிறகு ஈவால் நிலைக்கு, அதாவது பயிற்சி முடிந்து பயன்படுத்தும் நிலைக்கு, மாற்ற மறக்கக் கூடாது. மாற்றாவிட்டால் டிராப்அவுட், பேட்ச் நார்ம் என்ற அடுக்குகள் பயிற்சி நிலையிலேயே நின்று வேறு விதமாகக் குழப்பும். அந்த 20 படங்களையும் கொடுத்து விடைகளை ஒப்பிட்டேன். ஜிபியூவுக்கும் சாதாரணக் கணினிக்கும் தசமத்தில் கடைசி இலக்கங்கள் கொஞ்சம் மாறும், அதனால் 0.0001 வரை வித்தியாசத்தை விட்டுக்கொடுத்தேன். இருபதும் பொருந்தின.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு இன்னும் சில. எடைகளை ஏற்றும்போது பெயர் பொருந்தவில்லை என்று பிழை வந்தால் 'ஸ்ட்ரிக்ட்' என்பதை ஃபால்ஸ் ஆக்கிவிடாதீர்கள். பொருந்தாத அடுக்கெல்லாம் பயிற்சி பெறாத எண்களோடு அப்படியே நிற்கும், நிரலோ மௌனமாக ஓடும். பல ஜிபியூவில் டேட்டா பேரலல் என்ற முறையை வைத்துப் பயிற்சி கொடுத்திருந்தால் ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் 'மாட்யூல்.' என்று ஒட்டிக்கொண்டிருக்கும், அந்த முன்னொட்டை வெட்டினால் போதும். பழைய முழு மாடல் ஃபைல் மட்டும்தான் கையில் இருக்கிறது, ஃபோல்டர் அமைப்பு மாறிவிட்டது என்றால், லோட் செய்வதற்கு முன் சிஸ்.மாட்யூல்ஸ் அட்டவணையில் பழைய தொகுப்புப் பெயர், பழைய மாட்யூல் பெயர் இரண்டையும் சரியான புதிய மாட்யூலுக்குக் காட்டிவிடலாம். ஆனால் ஒருமுறை திறந்து ஸ்டேட் டிக்டாக மாற்றும் வரை மட்டும். அதையே நிரந்தரமாக வைத்தால் ஆறு மாதம் கழித்து நமக்கே புரியாது. பைடார்ச் போன்ற இன்னொரு கருவியான கெராஸ் பயன்படுத்துகிறவர்களுக்கும் இதே ஊர்தான்: சொந்த கிளாஸைப் பதிவு செய்யும்போது தொகுப்புப் பெயர் கொடுக்காவிட்டால் எல்லாம் 'கஸ்டம்' என்ற ஒரே பெயரின் கீழ் போய் விழும். தனிப் பெயர் கொடுங்கள். கிளாஸே வேண்டாம், கணக்கு மட்டும் ஓடினால் போதும் என்றால் ஓஎன்என்எக்ஸ் என்ற பொது ஃபைல் வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். வட்டம் போடும் மாடலை நான் பிறகு அப்படித்தான் மாற்றினேன். கணக்கின் வரைபடமே ஃபைலுக்குள் இருப்பதால், தேடிப் போக அங்கே மாடல்ஸ் ஃபோல்டர் ஏதும் இல்லை.

இப்போது நிரல் தொடங்கும்போதெல்லாம் முதல் வேலையாக அந்த 20 படங்களையும் ஓட்டிப் பார்க்கும். ஒன்று பொருந்தாவிட்டாலும் பெல்ட் நகராது. எந்த ஃபைலிலிருந்து கிளாஸ் வந்தது என்ற பாதையையும் ஒவ்வொரு நாளும் பதிவேட்டில் எழுதிவிடும்.

தவறாகத் தள்ளப்பட்ட நல்ல அப்பளம் 46 கிலோ உடைசல் விலைக்குப் போயிருந்தது. நானே போய் என்ன நடந்தது என்று முழுசாகச் சொல்லி, பில்லில் 7,500 ரூபாய் குறைத்துக்கொண்டேன். அண்ணன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "முதல்லயே தெரியலன்னு சொல்லியிருந்தா மிஷினை நிறுத்தி வச்சிருப்பேன்ல" என்றார். மறுவாரம் பெல்ட் ஓடியபோது அந்த அக்கா கூடையைக் கிளறி, ஒவ்வொரு அப்பளமாக வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பதினைந்து, இருபது பார்த்திருப்பார். கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "சரி பாப்பா, இதெல்லாம் உடைசல்தான்" என்று சொல்லிவிட்டு எடை போடப் போனார்.